மூன்றாம் ஜன்னல்

தட்டுவடை செட் உண்டு என்று
பில்லிங் பாமா சொன்னதால் போனேன்.
அஸ்தம்பட்டி மண்டபம், ஞாயிறு மாலை,
மின்விசிறிகளில் பாதி சும்மா தொங்கின.
மேடைத் துணியில் பெரிய எழுத்து:
எல்லார் வைத்தியத்துக்கும் ஒரே நிதி, வேண்டுமா?

வேண்டும் என்றார் அய்யந்துரை,
உருக்காலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர்,
மைக் தேவைப்படாத குரல்.
'ஊர் வரியை ஒரே அண்டாவில் கொட்டு,
எவனுக்கு நோவோ அவனுக்கு மொண்டு ஊற்று.
நடுவில் எதற்கு இத்தனை கம்பெனி?
தேன் எடுத்தவன் புறங்கையை நக்கட்டும், சரி,
இங்கே தேனடையைவிடப் புறங்கை பெரிதாக இருக்கிறதே!'
கைதட்டல். நானும் தட்டினேன்.

வேண்டாம் என்றார் டாக்டர் சுகந்தி,
நெத்திமேட்டில் நாற்பது படுக்கை.
'ஒரே அண்டா என்றால் ஒரே அகப்பை.
அகப்பைக்காரர் ஏழு மாதம் என் பில்லைத் தொடவில்லை என்றால்
வேறு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்?
நர்ஸுகளுக்கு ஒன்றாம் தேதி
தவறாமல் வந்துவிடுகிறது.'
அதற்கும் தட்டினேன்.
அதிலும் பொய் இல்லையே.

நான் உட்காருவது மூன்றாம் ஜன்னல்,
ஐந்து ரோட்டுக்குப் பக்கம், தனியார் ஆஸ்பத்திரி.
'காப்பீடு' பலகையில் 'டு' உதிர்ந்து ஒரு வருடமாகிறது.
சர்க்கரை கம்மியாக ஒன்று என்று
கேட்டவர்களும் உண்டு.
குடல்வாலுக்கு ஒரு எண், கர்ப்பப்பைக்கு ஒரு எண்,
உடம்பை எண்ணாக்கி அனுப்புவேன்,
கேள்வியாகத் திரும்பி வரும்.

போன வியாழன்
கொட்டச்சேட்டிலிருந்து சடையாண்டி.
காப்பிக்கு நிழல் கழிக்கச் சில்வர் ஓக்கில் ஏறி
விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி,
இருபது கொண்டை ஊசி வளைவும்
பலாப்பழ வண்டியில் படுத்தபடி இறங்கியவர்.
அட்டையில் சடையன், ஆதாரில் சடையாண்டி.
ஆண்டி யார், விளக்கம் தேவை என்றது திரை.
'ரெண்டும் அவருதானுங்க,' என்றாள் வெள்ளச்சி,
'எனக்குக் கோவம் வந்தா சடையன்.'
அதை எழுதும் கட்டம் அதில் இல்லை.

பதினொரு மணியிலிருந்து கம்பியைப் பிடித்து நின்றாள்.
'காசு நீங்கதான் குடுக்கறீங்களா?'
இல்லை.
'அப்ப டாக்டரு?'
சொல்லிப் பார்த்தேன்.
சர்க்கார் கம்பெனிக்குக் கட்டும், கம்பெனி
இன்னொரு கம்பெனியைப் பார்க்கச் சொல்லும்,
அவர்கள் எங்களைக் கேட்பார்கள்,
நான் உங்களைக் கேட்கிறேன்.
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள்
'எங்க மலை ரோடே தேவல,' என்றாள்.

நாலு நாற்பதுக்கு ஒப்புதல் வந்தது.
எலும்பு டாக்டர் நாலு மணிக்கே
தர்மபுரிக்குக் கிளம்பியிருந்தார்.

மண்டபத்தில்
கேள்விகளைத் துண்டுச் சீட்டில் கேட்டார்கள்.
ஒரே நிதி வந்தால் மூன்றாம் ஜன்னல் என்ன ஆகும்?
எழுதினேன், பெயர் போடவில்லை.
அய்யந்துரை உரக்க வாசித்தார்.
'ஜன்னலே இருக்காதுங்க!'
மண்டபம் சிரித்தது,
நல்ல சேதிக்குச் சிரிப்பதுபோல.
சம்பளம் பதினாலாயிரத்து இருநூறு,
ஸ்கூட்டிக்கு இன்னும் பதினோரு தவணை.
எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அம்மாவுக்கு வாரம் இருமுறை
பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள்.
அங்கே எண் கேட்பதில்லை.
விடியற்காலம் நாலு மணிக்குப் போய்
வரிசையில் செருப்பை விட்டு வருவேன்.
செருப்புக்குப் பெயர்ப் பிழை கிடையாது.
மெஷின் ரிப்பேர் என்று
ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள்,
அதையும் சொல்ல வேண்டும்.
அன்றைக்கு அவள் கால் வீங்கிக்கிடந்ததையும்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள்.
வேண்டும் என்பவர்கள்?
இடது கையில் தட்டு.
வலதைத் தூக்கினேன்,
பீட்ரூட் சாறு மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது.
எண்ணிக்கொண்டு வந்த பையன் என் முன் நின்று
'இன்னொரு செட்டாக்கா?' என்றான்.

கையை இறக்கவில்லை.
கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.
காரம் பத்தவில்லை.
அதையும் தின்றேன்.